கீழ்வரிசையில் ஆறு பல்

பல்லே இல்லாத ஒரு வாய்க்காக ஏழு மாதம் நாயாக அலைந்தேன். பல் மருத்துவம் படிக்கிறவளுக்கு வாய் நிறையப் பல்லோடு வருகிறவர்கள்தான் வேண்டும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் முதல் மூன்று வருடத்தோடு சரி. கடைசி வருடத்தில் பொக்கை வாய்க்குத்தான் மவுசு.

விஷயம் இதுதான். செயற்கைப் பல் பிரிவின் இறுதித் தேர்வுக்கு ஒவ்வொருவரும் ஒரு நோயாளியைத் தானே தேடிப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். அந்த ஆளுக்கு மேலேயும் கீழேயும் ஒரு பல்கூட இருக்கக் கூடாது. அளவெடுத்து, மெழுகில் பல் அடுக்கி, முழு பல்செட் செய்து, வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் முன்னால் அதை மாட்டிக் காட்ட வேண்டும். ஆள் வரவில்லையென்றால் தேர்வே இல்லை. 'எங்கே போய்ப் பிடிப்பீர்கள்?' என்று கல்லூரியில் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

நான் இரண்டு முறை தோற்றிருந்தேன். முதல் முறை என் நோயாளியான அம்மாள் தேர்வுக்கு முந்தின நாள் மகளின் பிரசவத்துக்குக் கிளம்பிவிட்டாள். இரண்டாம் முறை பல்செட் தேர்வாளர் கையில் கொடுக்கும்போதே இரண்டாக உடைந்தது. மூன்றாம் முறையும் போனால் பெயரை அடித்துவிடுவார்கள். ஆறு வருடப் படிப்பு குப்பைக்குப் போகும். எனக்குப் பின்னால் சேர்ந்த பிள்ளைகள் என்னை 'மறுபடி அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். முகத்துக்கு நேராகவே, சிரித்துக்கொண்டே.

ஏழாவது மாதம் ஒரு பேருந்து நிறுத்தத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் கொட்டாவி விட்டார். உள்ளே சுத்தமாக ஒன்றுமில்லை. ஈறு இரண்டும் கிண்ணென்று, பாடப்புத்தகப் படம் மாதிரி இருந்தன. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. ஓய்வு பெற்ற தபால்காரர். பேச்சுத் துணைக்கு ஏங்கிக் கிடந்த மனிதர். பேருந்து வருவதற்குள் என் நோயாளியாகிவிட்டார்.

தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது எறும்பு அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். எறும்பு என் இப்போதைய வகுப்பில் முதலாவதாக வருகிறவள். எது கிடைத்தாலும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்து வைப்பாள், அதனால் அந்தப் பெயர். அவளிடம் ஏற்கெனவே ஒரு நோயாளி இருந்தார். இருந்தும் தபால்காரர் வீட்டுக்குக் கார் அனுப்பி, அவருக்கு மூட்டுவலி டாக்டரையும் ஏற்பாடு செய்து கொடுத்து, ஆளைக் கவிழ்த்துவிட்டாள். நேராகப் போய்க் கேட்டேன்.

"அக்கா, என் ஆளுக்கு ரத்தக் கொதிப்பு. அன்னைக்குப் படுத்துட்டார்னா நான் என்ன பண்றது? ஒரு ஆள் கூட இருந்தா நல்லதுதானே" என்றாள். அவள் முகத்தில் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை. எனக்கு அவள் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், அந்த வயிற்றெரிச்சல் வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். அம்மாவின் தம்பி. எங்கள் தெருமுனையில் தையல் கடை. அப்பா போன பிறகு எங்களுக்கு எல்லாமே அவர்தான். நான் பல் மருத்துவத்தில் சேர்ந்த அன்றே என் முதல் வெள்ளைக் கோட்டைத் தைத்துக் கொடுத்தார். வருடத்துக்கு இரண்டு கோட்டு அவர் கணக்கு. ஒவ்வொரு கோட்டின் கடைசிப் பொத்தானையும் என் கண் முன்னால்தான் தைப்பார். தைத்து முடித்து, நூலைப் பல்லில் வைத்து வெடுக்கென்று கடித்து, "போ டாக்டரு, போய் ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்கு" என்பார்.

அன்றைக்கும் ஏதோ சொல்லிச் சிரித்தார். நான் அவர் சிரிப்பைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தேன். மேலே அவருக்குப் பல் கிடையாது. ஈறு நோயில் எல்லாம் போய், எங்கேயோ செய்த பழைய பல்செட் ஒன்றை மாட்டியிருந்தார். கீழே கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. முன்னால் மட்டும் ஆறு. இந்தக் கோரைப்பல்லில் இருந்து அந்தக் கோரைப்பல் வரை, காவல்காரர்கள் மாதிரி நேராக நின்றன.

ஆறே ஆறு. எடுத்துவிட்டால் ஈறு ஆற எட்டு வாரம். கையில் இருந்தது பன்னிரண்டு வாரம்.

அந்த எண்ணம் வந்ததும் நான் திடுக்கிட்டேன் என்று எழுத ஆசைதான். திடுக்கிடவில்லை. கணக்குப் போட்டேன். பல் பிடுங்கும் பிரிவில் நான் பிடுங்கிக் காட்ட வேண்டிய கணக்கில் இன்னும் ஐந்து பல் பாக்கி இருந்தது, அதுவும் இதில் தீர்ந்துவிடும் என்றுகூடத் தோன்றியது.

"மாமா, கொஞ்சம் வாயைத் திறங்க" என்றேன்.

ஜன்னல் பக்கம் உட்கார வைத்து ஒவ்வொரு பல்லாக இரண்டு விரலால் பிடித்து அசைத்தேன். பாறை. ஒன்றுகூட அசையவில்லை. நடுப் பல் ஒன்றின் விளிம்பில் மட்டும் ஒரு சின்ன வெட்டு இருந்தது. நாற்பது வருடம் நூல் கடித்துக் கடித்து விழுந்த தடம்.

"ஐயோ மாமா, ஆறும் ஆடுதே" என்றேன்.

"ஆடுதா? எனக்கு ஒண்ணும் தெரியலையே பாப்பா. காலையில கூட நூல் கடிச்சேன்."

"உள்ள எலும்பு கரைஞ்சு போச்சு மாமா. வெளியில தெரியாது. மேல் பல்லு போச்சே, அதே வியாதிதான். அப்படியே விட்டா தாடை முழுக்கப் பரவும்."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "என்னடா இது, இவ்வளவு நாளா சொல்லாம இருந்திருக்கே" என்று தம்பியைத் திட்டினாள். மாமா நாக்கால் பற்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நமக்கென்ன தெரியும்? எடுத்துடலாம். அப்புறம் புதுப் பல்லு நீயே வைப்பியா?"

"முழு செட்டே வைக்கிறேன் மாமா. என் பரீட்சைக்கு நீங்கதான் ஆள்."

அந்த மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். தன்னால் எனக்கு ஒரு உபகாரம் ஆகிறது என்று கேட்ட பிறகு பல்லைப் பற்றிய கவலையே போய்விட்டது. நானும் அதை எதிர்பார்த்துத்தான் சொன்னேன்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். கீழ்ப் பல்செட் லேசில் நிற்காது. மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கீழ் செட் நாக்கு அசைந்தால் எழும்பும், பேசினால் மிதக்கும். அதனால் கீழே ஒரு கோரைப்பல் இருந்தால்கூட உயிரைக் கொடுத்துக் காப்பாற்று என்று மூன்றாம் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கேள்விக்குத் தேர்வில் பத்துக்கு ஒன்பது வாங்கியவள் நான்.

பல் பிடுங்கும் பிரிவில் அன்று சந்தைக் கூட்டம். 'மூன்றாம் நிலை ஆட்டம், ஆறு பல்' என்று அட்டையில் எழுதினேன், அதாவது எலும்பு கரைந்து, பல் தானே விழுகிற நிலை. எக்ஸ்ரே இயந்திரம் பழுது என்று கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. எனக்கு நல்ல நேரம் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட வேண்டிய சீனியர் டாக்டர் ஒரு கையால் யாருடைய வாயையோ பிடித்துக்கொண்டு மறு கையால் என் அட்டையில் கிறுக்கினார். மாமாவின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நிஜமாகவே ஆடும் பல் என்றால் பழுத்த பழம் மாதிரி கையோடு வந்துவிடும். மாமாவின் பல் ஒவ்வொன்றும் என்னோடு சண்டை போட்டது. ஊசி போட்டுத்தான் இருந்தேன். ஆனாலும் எலும்பு நெரிகிற சத்தம் அவருடைய மண்டைக்குள் கேட்டிருக்கும், ஊசி அதை நிறுத்தாது. இடது கோரைப்பல்லுக்கு மட்டும் இருபது நிமிடம் ஆனது. என் மணிக்கட்டு வலித்தது. அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. ஒரு முறைகூட 'நிறுத்து' என்று கையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். நிறுத்தியிருக்க மாட்டேன்.

முடிந்ததும் வாயில் பஞ்சைக் கடித்தபடி, "ஆடுன பல்லுக்கே இவ்வளவு அடமா பாப்பா?" என்றார். நான் சிரித்தேன். அவர் பல்லைக் கேட்டார். பிடுங்கின பல்லைக் கழுவி அவர் கையில் கொடுத்தேன். சட்டைப் பையில் இருந்து பொத்தான் போடுகிற சின்ன டப்பா ஒன்றை எடுத்து அதில் போட்டுக்கொண்டார். "என் பாப்பா கையால எடுத்த பல்லு. இருக்கட்டும்" என்றார்.

அப்போதே அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தவளுக்கு அந்தச் சின்னப் புத்தி வேலை செய்யவில்லை.

பிறகு வந்த எட்டு வாரமும் அவர் கஞ்சியும் குழைத்த சோறுமாகக் காலம் தள்ளினார். கழுத்தில் ஒரு கயிறு கட்டிச் சின்னக் கத்தரிக்கோலைத் தொங்கவிட்டுக்கொண்டார். பழக்க தோஷத்தில் நூலை வாய்க்குக் கொண்டு போவார், ஈறில் பட்டதும் நின்று, கத்தரிக்கோலைத் தேடுவார். அத்தை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அளவெடுக்க வாரத்துக்கு இரண்டு முறை கடையைப் பூட்டிவிட்டுக் கல்லூரிக்கு வந்தார். வாய் நிறைய மாவை அப்பி ஐந்து நிமிடம் பிடிப்பேன். குமட்டும். அடக்கிக்கொள்வார். இரண்டு முறை நான் அளவைக் கெடுத்து மறுபடியும் எடுத்தேன். "பரவாயில்ல, தையல்லயும் பிரிச்சுத் தைக்கிறது உண்டு" என்றார்.

தேர்வு நாள் வந்தது. மாமா நான் சொல்லாமலே சவரம் செய்துகொண்டு, தானே தைத்த புதுச் சட்டையில் வந்திருந்தார். வராந்தா பெஞ்சில் தபால்காரர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எறும்பின் முதல் ஆள் குத்துக்கல் மாதிரி வந்து உள்ளே போய்விட்டாராம். இவர் உபரி.

"என்னம்மா, சௌக்கியமா? உனக்கு ஆள் வேணும்னா கூப்பிடு. நான் காலையில இருந்து இங்க சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்று வாயை அகலத் திறந்து சிரித்தார். அந்த அருமையான ஈறு இரண்டும் தெரிந்தன. மாமா அவருக்கு வணக்கம் சொன்னார்.

வெளித்தேர்வாளர் ஒல்லியான மனிதர். சத்தமாகப் பேசமாட்டார். எங்கள் துறைத்தலைவர் அவர் பின்னாலேயே பவ்யமாக நடந்து வந்தார். என் நாற்காலியில் நின்று, கையுறை மாட்டி, மாமாவின் கீழ் ஈறில் விரலை ஓட்டினார். விரல் முன்பக்கம் வந்ததும் நின்றது.

"முன்னாடி எலும்பு இவ்வளவு உயரமா இருக்கே. எப்ப எடுத்தது?"

"பதினோரு வாரம் ஆச்சு சார். ஆறு பல்லு. மூன்றாம் நிலை ஆட்டம்."

"எக்ஸ்ரே?"

"மெஷின் ரிப்பேர் சார்."

அவர் விரல் அதே இடத்தில் மறுபடியும் ஓடியது. அது மாமாவுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைக்கு மார்க் குறைந்துவிடுமோ என்று பயந்திருக்க வேண்டும். விரல் வாயை விட்டு வெளியே வந்ததும் சட்டைப் பையில் கைவிட்டுப் பொத்தான் டப்பாவை எடுத்தார்.

"இதோ இருக்கு சார். எங்க அக்கா பொண்ணுதான் எடுத்தா. ஒண்ணுகூட உடையல, பாருங்க" என்றார். பல் இல்லாத வாயில் சொல் வழுக்கியது, ஆனாலும் பெருமை தெளிவாகக் கேட்டது.

தேர்வாளர் டப்பாவைத் திறந்து ஆறையும் உள்ளங்கையில் கொட்டினார். நீளமான, முழுசான வேர்கள். ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் திருப்பினார். வெட்டு விழுந்த பல்லிடம் வந்ததும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனார். துறைத்தலைவர் எட்டிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க தையல்காரரா?" என்று மாமாவைக் கேட்டார் தேர்வாளர்.

"அட, எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"நூலை இதுலதான் கடிப்பீங்க, இல்லையா?"

"நாப்பது வருஷமா சார். கத்தரிக்கோலே எடுக்க மாட்டேன்."

"கடைசியா எப்ப கடிச்சீங்க?"

"எடுத்த அன்னைக்குக் காலையில கூட ஒரு ஜீன்ஸுக்கு... கெட்டி நூல் சார் அது, கையால அறுக்கவே..."

அதோடு அவர் பேச்சு நின்றது. அவர் யோசிக்கிறது எனக்குத் தெரிந்தது. துணியின் கோணலைக் கண்டுபிடிக்கும்போது அவர் முகம் அப்படித்தான் ஆகும். தேர்வாளர் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆடிச்சா?"

இல்லை என்று சொன்னால் ஆறு வருடமும் அந்த இடத்திலேயே முடிந்தது. மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவி கேட்கிற பார்வை அது. ஆடியது என்று நான் சொல்லிவிட்டால் அவர் நம்பிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"ஆடிச்சு சார்."

"ஆமா சார்" என்றார் மாமா உடனே. "ரொம்ப ஆடிச்சு."

தேர்வாளர் தலையை ஆட்டினார். பற்களை மறுபடியும் டப்பாவில் போட்டார், டப்பாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "இதை நான் எடுத்துக்கலாமா? எங்க காலேஜ்ல பசங்களுக்குக் காட்டணும். ஒரு சொத்தை இல்ல, வேர் அப்படியே இருக்கு. இவ்வளவு நல்ல பல்லு இப்பல்லாம் எங்க கிடைக்குது?"

அவர் இதைச் சாதாரணமாக, ஏதோ பேனா இரவல் கேட்கிற குரலில் சொன்னார். மாமாவின் வாய் கொஞ்சம் திறந்தபடியே இருந்தது. பிறகு, "எடுத்துக்குங்க சார்" என்றார்.

"ம். செட்டை மாட்டுங்க" என்றார் தேர்வாளர் என்னிடம்.

மாட்டினேன். மாமாவின் கீழுதட்டை என் விரலால் விலக்கி, கீழ் செட்டை வைத்து, இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தேன். என் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அத்தனை நாள் அளவெடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறவர் அன்றைக்கு மூடவில்லை. என் விரல் வாய்க்குள் இருந்ததால் அவரால் பேச முடியாது. எனக்கு அது வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க" என்றார் தேர்வாளர். மாமா எண்ணினார். நாலு என்னும்போதே கீழ் செட் எழும்பியது. ஏழில் 'டக்' என்று மேல் செட்டில் இடித்தது. அவர் நிறுத்தாமல் பத்து வரை எண்ணி முடித்தார்.

"கீழ் செட் சுமார்தான். அது உங்க வேலையில குறை இல்ல. கோரைப்பல்லு ரெண்டும் இருந்திருந்தா அதைப் பிடிச்சு நிக்க வெச்சிருக்கலாம். ஆனா ஆடிச்சுன்னு சொல்றீங்களே" என்று தாளில் மதிப்பெண் போட்டார். "பாஸ்தான். தைரியமாப் போங்க. இந்த வாயில இனிமே நீங்க கெடுக்க ஒண்ணும் இல்ல."

துறைத்தலைவர் ஜன்னலில் இருந்து திரும்பி, என்னைப் பார்க்காமல் அடுத்த நாற்காலிக்கு வழி காட்டினார். அடுத்த நாற்காலியில் எறும்பு சிரித்தபடி நின்றாள்.

வெளியே வந்தோம். மாமா ஏதாவது கேட்பார், நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று காத்திருந்தேன். பேருந்தில் ஏறும்போது மட்டும், "அக்காகிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத. தாங்க மாட்டா" என்றார். பல்செட் வாய்க்குள் இடித்துக்கொண்டே இருந்தது.

முடிவு வந்த அன்று அம்மா தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தாள். அதன் பிறகு ஒரு வாரம் கழித்து மாமா என்னைக் கடைக்கு வரச் சொல்லி அனுப்பினார். போகாமல் இருக்க எத்தனையோ சாக்கு யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. போனேன்.

புதுக் கோட்டு தைத்திருந்தார். படிக்கிற பிள்ளையின் கோட்டு அல்ல, டாக்டரின் கோட்டு. கெட்டித் துணி, உள்பையின் மேல் நீல நூலில் என் பெயர், பெயருக்கு முன்னால் 'டாக்டர்'. ஒரு மடிப்பு பிசகவில்லை. பல்செட்டைக் கழற்றி மேசையில் ஒரு கிண்ணத்தில் போட்டிருந்தார். அது உள்ளே இருந்தால் ஊசியில் கவனம் நிற்பதில்லையாம். கன்னம் இரண்டும் உள்ளே போய், என் மாமா போலவே இல்லை.

வழக்கம்போலக் கடைசிப் பொத்தானை என் கண் முன்னால் தைத்தார். நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். கத்தரிக்கோல் அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. நூலை இழுத்துப் பிடித்து, கோட்டோடு சேர்த்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"நீ கடிச்சு விடு டாக்டரு. உனக்குத்தான் பல்லு நல்லா இருக்கே."

அவர் குரலில் கோபம் இல்லை. நூலை விடவும் இல்லை. அடுத்த தையல் இயந்திரத்தில் இருந்த அத்தை, வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். நான் குனிந்தேன். வாயைத் திறந்து, கீழ்வரிசையின் நடுப் பல்லில் நூலை வைத்துக் கடித்தேன். கெட்டி நூல். முதல் கடியில் அறுபடவில்லை.

"இன்னொரு தரம்" என்றார் மாமா.